பன்னிரண்டு வருஷக் கழுதைத் திருடன்

ஹெங்யாவ் நகரத்து மதிலுக்குள் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் விசாரிக்கப்படுகிறவர் கெங் சுவான்ஹுதான். கோழி, குடை, சைக்கிள் சாவி, எதுவானாலும் சரி. "கெங், எங்க ஒளிச்சு வச்சிருக்க? மரியாதையா எடுத்துக் குடுத்துடு" என்று சந்தில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்பார்கள். அவரும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு உங்க வீட்டுப் பக்கம் வரலையே அண்ணே" என்பார். கடை முன்னால் அவர் வந்து நின்றாலே காய்கறிக்காரி முள்ளங்கிக் கட்டை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு முள்ளங்கியைக்கூடத் திருடாத மனிதருக்கு ஊர் கொடுத்திருந்த பட்டம், கழுதைத் திருடன்.

காரணம் அவருடைய உத்தியோகம். வெளியூர்க்காரர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு மதிலையும் சந்துகளையும் பார்க்க வருவார்கள் அல்லவா, அவர்களுக்காகப் பழைய நீதிமண்டபத்தில் தினமும் பத்தரை மணிக்கு ஒரு வழக்கு நடக்கும். விதவையின் கழுதையைக் கெங் திருடியிருப்பார். நீதிபதி மரக்கட்டையால் மேசையில் ஓங்கித் தட்டுவார். சேவகர்கள் தடிகளைத் தரையில் இடித்து "வேய்... வூ..." என்று உறுமுவார்கள். கெங் மண்டியிடுவார், அழுவார், ஒப்புக்கொள்வார். இருபது அடி. கழுதை விதவைக்குத் திரும்பும். மறுநாள் பத்தரைக்கு அதே கழுதை மறுபடியும் காணாமல் போகும். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான்.

அப்பா அவருக்கு வைத்த பெயருக்குக் கட்டிப்போட்ட புலி என்று அர்த்தம். புலியை யாரும் பார்த்ததில்லை. கட்டிப்போடும் வேலையை மனைவி கைஹுவா பார்த்துக்கொண்டாள். பஞ்சாலையில் இருபது வருஷம் வேலை செய்தார், ஆலை மூடிவிட்டது. மதில்மேல் நடக்க வருகிறவர்களுக்கு சோயாக்கட்டி வற்றல் விற்றார், மதில்மேல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகுதான் நீதிமண்டபத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் போய் நின்றார். வரிசையில் இருந்த எல்லாக் கிழவர்களும் நீதிபதி ஆகத்தான் வந்திருந்தார்கள். மேலாளர் கெங்கின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "இந்த முகம் போதும். நாலு வீட்டுக் கோழி தானா ஞாபகத்துக்கு வருது" என்றார்.

கெங் மூன்று நாள் வருத்தப்பட்டார். நாலாம் நாள் வேலைக்குப் போனார். அவர் பெரிய நடிகர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடி வாங்கி விழுவதில் அவருக்கு நிகர் கிடையாது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், மனிதர் நன்றாகவே விழுவார். ஒரு மனிதன் ஒரே பொய்யைப் பன்னிரண்டு வருஷம், நாள் தவறாமல், மண்டியிட்டுச் சொன்னால் அது பொய்யாக இருப்பதை எங்கோ நிறுத்திக்கொள்கிறது. அதற்காக உண்மையாகியும் விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடம் இருக்க வேண்டும். கெங்கின் முழங்கால்களுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாது.

இந்த நிலைமையில் மகன் லெய்க்கு ஒரு சம்பந்தம் வந்தது.

லெய்க்கு வயது முப்பத்தொன்று. மதிலுக்குள் ஓடும் பேட்டரி வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். பெண் ஜிங், நகரத்துப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் பிடித்துப்போய் எட்டு மாதம் ஆயிற்று. பெரியவர்களைச் சேர்த்துவைக்க முறைப்படி நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்பதால் துவான் அக்காவைப் பிடித்தார்கள். பெண் வீட்டார் முதல் தடவை வீடு பார்க்க வரும் நாளில் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது. டீயோடு எழுந்து, "வீட்ல வேலை கெடக்கு" என்றால் அதுவும் முடிந்தது. வேண்டாம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. லெய்க்கு இதற்குமுன் இரண்டு தடவை டீயோடு முடிந்திருந்தது. இரண்டாவது தடவை கைஹுவா எட்டுப் பேருக்குச் செய்த சாப்பாட்டை மூன்று நாள் மூன்று பேராகச் சாப்பிட்டார்கள். அந்த மூன்று நாளும் லெய் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை அதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று கெங் நினைத்தார்.

துவான் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். வந்தவள் உட்காராமல் நின்றாள். எப்போதும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்காருகிறவள் அவள்.

"புதன்கிழமை வராங்க. மொதல்ல ஊரச் சுத்திப் பாத்துட்டு, உங்க வழக்கையும் பாத்துட்டு, அப்பறமா வீட்டுக்கு."

"வழக்கையா? அத எதுக்குப் பாக்கணும்?" என்றார் கெங்.

"பொண்ணோட அம்மா பாக்கணுங்கறா. மாப்பிள்ளையோட அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா. சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

துவான் அக்கா கூரையைப் பார்த்தாள். "நீதிபதின்னு."

மாவு பிசைந்துகொண்டிருந்த கைஹுவா நிமிர்ந்தாள். "ஏன்டி, நாக்குல நரம்பு இருக்கா உனக்கு?"

"நீயே சொல்லு அக்கா. பொண்ணு குடுக்கறவகிட்ட போயி, சம்பந்தி தெனமும் கழுத திருடறாரு, இருவது அடி வாங்கறாருன்னு எப்படி ஆரம்பிக்கறது? ரெண்டும் ஒரே மேடை, ஒரே சம்பளம். ஒரு நாள் எடம் மாறி நின்னா என்ன கொறஞ்சா போயிடும்?"

நீதிபதியாக நடிக்கிறவர் ஹௌ தேமாவ். முன்னாளில் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தவர். குரல் கணீரென்று இருக்கும். பன்னிரண்டு வருஷம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து, சந்தையில் வெங்காயம் வாங்கும்போதுகூடத் தீர்ப்பு சொல்கிற மாதிரிதான் வாங்குவார். கெங் போய்க் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"நான் மண்டி போடணுமா?"

"ஒரே ஒரு நாள், ஹௌ அண்ணே."

"உங்க வீட்டுல எட்டு வருஷம் வெயில்ல வச்ச வினிகர் ஒரு ஜாடி இருக்குல்ல?"

ஹெங்யாவில் சோறில்லாமல்கூட ஒரு நாளைத் தள்ளிவிடுவார்கள். வினிகர் இல்லாமல் முடியாது. அதிலும் எட்டு வருஷத்துச் சரக்கு என்றால் கல்யாணத்துக்கு மட்டும் திறப்பது. கெங் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கைஹுவா அரை மணி நேரம் ஜாடியைத் துடைத்தாள். பிறகு ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கல்யாணத்துக்குன்னு வச்சது. கல்யாணத்துக்குத்தான போகுது" என்றாள்.

இரண்டு நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. நீதிபதி கெங்; மேசைக்குக் காய் நறுக்கும் பலகை, தட்டும் கட்டைக்கு மாவு தேய்க்கும் கட்டை. திருடன் வேஷத்துக்குக் கைஹுவாவைக் கூப்பிட்டார்.

"மண்டி போடு."

"நான் போட்டா நூடுல்ஸ யாரு செய்யறது? நின்னுக்கிட்டே திருடறேன், கேளு."

"கழுதையை ஏன் திருடினாய்?"

"முப்பத்திரெண்டு வருஷமா ஒரு கழுதையோட குடும்பம் நடத்தறேன், இன்னொண்ண எதுக்குத் திருடப்போறேன்?"

லெய் வாசலில் உட்கார்ந்து சிரித்தான். கெங்கும் சிரித்தார். ஒத்திகையில் வசனம் எல்லாம் சரியாக வந்தது. பன்னிரண்டு வருஷம் எதிரே மண்டியிட்டுக் கேட்ட வசனம், வராமல் எங்கே போகும்? ஒன்றை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. வீட்டில் தடி இடிக்கவும் உறுமவும் ஆள் இல்லை.

புதன்கிழமை பெண் வீட்டார் தெற்கு வாசல் வழியாக வந்தார்கள். ஃபென் ஆற்றுக்கு அக்கரையில், பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இந்த மதிலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. பெண்ணின் அப்பா ரென் மன்சாங், நிலக்கரி லாரி ஓட்டி ஓய்ந்தவர். "மதிலப் பாக்கறதுக்குச் சீட்டா? எங்க வீட்டுல நாலு பக்கமும் மதில்தான். ஒருத்தனும் அஞ்சு காசு குடுத்ததில்ல" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பெண்ணின் அம்மா யூலியென் எதுவும் சொல்லவில்லை. தானியக் கடை நடத்துகிறவள். எதைப் பார்த்தாலும் மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் கல்லைக் கண்டுபிடிக்கிற மாதிரி பார்த்தாள்.

கெங் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் ரென், யூலியென், ஜிங், லெய், துவான் அக்கா. லெய் சொல்லி எல்லாம் தெரிந்திருந்த ஜிங்கும் அவனும் ஒரே பொட்டலத்தில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வாடகைக்கு எடுத்த பழங்காலத்து உடுப்பில் படம் எடுத்துக்கொள்கிற வெளியூர்ப் பெண்கள். மேலாளர் அன்று வெளியூர். சேவகர்களுக்கு விஷயம் தெரியும். அவர்களுக்கும் பன்னிரண்டு வருஷப் பழக்கம் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

கெங் மேடை ஏறினார். இரண்டு பக்கமும் இறக்கை நீட்டிய தொப்பி, நீல அங்கி. ஹௌ அண்ணனின் உடம்புக்குத் தைத்தது, கெங்கோடு அதில் இன்னொரு கெங்கும் குடியிருக்கலாம். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். எல்லோரும் சற்றுக் குட்டையாகவும் குற்றவாளியாகவும் தெரிந்தார்கள். யூலியென்கூட. நாற்காலிக்குத்தான் இந்தக் குணம் போலிருக்கிறது, மனிதனுக்கு இல்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று கட்டையைக் கையில் எடுத்தார்.

ஹௌவைத் திருடனாக இழுத்து வந்தார்கள். இழுத்து வந்தார்கள் என்று சொல்வதைவிட, அவர் முன்னால் நடக்க இவர்கள் பின்னால் வந்தார்கள் என்பது சரி. மேடைக்கு நடுவில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கெங் கட்டையை ஓங்கித் தட்டினார்.

படார்!

சேவகர்கள் தடியை இடித்தார்கள். "வேய்... வூ..."

கெங்கின் முழங்கால் மடங்கியது.

அவர் மடக்கவில்லை. தும்மலைப் போல அது தானாக வந்தது. நாற்காலியிலிருந்து வழுக்கி, மேசைக்கடியில் போய், மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார். கூட்டத்துக்குத் தெரிந்தது மேசைத் துணிக்குக் கீழே ஆடிய தொப்பியின் ஒரு இறக்கை மட்டும்தான்.

மண்டபம் ஒரு கணம் அமைதியாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த மண்டபத்தில் அமைதி விழுந்தால் அதை உடைப்பது ஒரே ஒரு குரல்தான். திருடன் உடுப்பில் நின்ற ஹௌ, ரயில் நிலையத்துக் குரலில், தன்னை மறந்து முழங்கினார்:

"அற்பனே! விதவையின் கழுதையை ஏன் திருடினாய்? உண்மையைச் சொல்!"

"சொல்லிடறேன், பெருமானே!" மேசைக்கடியிலிருந்து அழுகைக் குரல் வந்தது. "பசி, பெருமானே! கழுதை கட்டாம நின்னுது, என் கை கட்டாம இருந்துது!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சேவகர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தவன் திருடன், மண்டியிட்டிருந்தவர் நீதிபதி. யாரை அடிப்பது? மண்டியிட்டவனை அடிப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். மேசையை நகர்த்திவிட்டு நீதிபதியைப் பிடித்து இழுத்துவந்து நடு மேடையில் போட்டு இருபது கொடுத்தார்கள். கெங்கும், இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று, தன் வாழ்நாளிலேயே மிக நன்றாக விழுந்தார். தொப்பி உருண்டு இரண்டாவது வரிசையில் யூலியெனின் காலடியில் போய் நின்றது. அவள் அதைக் குனிந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஊற்றியாயிற்று. ஹௌவைச் சூழ்ந்துகொண்டு வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அவர் மண்டபத்திலேயே தங்கிவிட்டார். உள்ளே கைஹுவா பூனைக்காது நூடுல்ஸை, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சுருட்டியதை, கொதிநீரில் போடலாமா வேண்டாமா என்று கரண்டியோடு நின்றாள். லெய் தன் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரென் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸு..."

துவான் அக்கா முந்திக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு புது மாதிரி போட்டாங்க. எப்பவும் இவரு ரொம்பக் கம்பீரமா..."

"நீ கொஞ்சம் டீயக் குடி" என்றாள் யூலியென். தொப்பியை மடியில் வைத்திருந்தாள். திருப்பித் தர மறந்துவிட்டாள், அல்லது தருவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சம்பந்தின்னு இன்னும் கூப்பிடல, தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நீங்க யாரு? நீதிபதியா, திருடனா?"

கெங் மகனைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நாக்கில் இரண்டு மூன்று பொய் தயாராகவும் இருந்தது. ஆனால் நேருக்கு நேர் யாராவது அதட்டிக் கேட்டால் ஒப்புக்கொண்டே பழகிய உடம்பு அது.

"திருடன்தாங்க. பன்னெண்டு வருஷமா."

"அப்ப நீதிபதின்னு சொன்னது?"

"நான் சொல்லல. ஆனா அந்தப் பொய்க்கு உடுப்பு மாட்டிவிட்டது நான்தான். தப்பு என்னோடதுதான்."

யூலியென் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா?"

"என்ன?" என்றார் ரென்.

"தப்பு என்னோடதுன்னாரு. நல்லாக் கேட்டுக்கோங்க. மறுபடி எப்பக் கேப்பீங்களோ." பிறகு கைஹுவா பக்கம் திரும்பினாள். "அக்கா, இந்த மனுசன் லாரியப் பின்னால எடுத்து எங்க வீட்டு மதில்லயே மோதினாரு. இறங்கி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? மதில் நகந்துடுச்சுன்னாரு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ 'நான்தான்'னு இந்த வாயிலேருந்து வந்ததில்ல."

"அந்த மதில் கொஞ்சம் சாஞ்சுதான்டி இருந்துச்சு" என்றார் ரென்.

"பாத்தீங்களா!"

யூலியென் தொப்பியைக் கெங்கிடம் நீட்டினாள். "அந்த மண்டி போடறதப் பையனுக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"அவனுக்கு என்கிட்டயே பயிற்சி நடக்குது அம்மா" என்றாள் ஜிங். லெய்யின் காது சிவந்தது. நூடுல்ஸ் கொதிநீரில் விழும் சத்தம் உள்ளிருந்து கேட்டது. யாரும் சொல்லாமலே ரென் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கிண்ணங்கள் வந்தன. ஆவி பறந்தது. யூலியென் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுத்தாள். மேசையை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்தாள்.

"வினிகர்?"

கைஹுவாவும் கெங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றாட பாட்டிலைக் காலையில் வெள்ளரிக்காய்க்கும் பன்றிக்காது ஊறலுக்கும் கவிழ்த்துவிட்டாயிற்று. பெரிய ஜாடி ஹௌ வீட்டில் இருந்தது. வினிகர் இல்லாத நூடுல்ஸை அந்தப் பக்கத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பிடாவிட்டால் அது சாப்பாடு ஆகாது. சாப்பாடு இல்லாவிட்டால்...

"இதோ!" என்று கெங் எழுந்து ஓடினார்.

ஹௌ வீடு அடுத்த சந்து. கதவு திறந்துதான் கிடந்தது. ஆள் இல்லை. ஜாடி அடுப்பங்கரை ஜன்னலில், வெயிலில் இருந்தது. கெங் வாசலில் நின்று, "ஹௌ அண்ணே" என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். நூடுல்ஸ் ஊறிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருஷமாகத் திருடனாக இருக்கிறவர், அன்றுதான் முதல் தடவையாக, அடுத்தவன் வீட்டுக்குள் போய், அடுத்தவன் பொருளை எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சந்தில் காய்கறிக்காரி உட்கார்ந்திருந்தாள். "கெங்கு! இன்னிக்கு என்ன திருடின?"

"வினிகர்!" என்று ஓடிக்கொண்டே சொன்னார். "ஹௌ வீட்டுல!"

"அடப் போய்யா!" என்று சந்தே சிரித்தது. அவர் உண்மையைச் சொல்லி யாரும் நம்பாதது அதுதான் முதல் தடவை.

யூலியென் வினிகரை ஊற்றினாள். முகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "எட்டு வருஷமா?" என்றாள். கைஹுவா தலையாட்டினாள். அதன் பிறகு யூலியென் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாவது கிண்ணத்தை அவளே கேட்டு வாங்கினாள்.

மறுநாள் பத்தரைக்குக் கெங் தன் பழைய கிழிந்த சட்டையில் மண்டியிட்டார். ஹௌ நாற்காலியில் இருந்தார். கட்டையை எடுத்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக.

படார்!

"அற்பனே! வயதானவன் வீட்டு ஜன்னலிலிருந்து வினிகர் ஜாடியை ஏன் திருடினாய்?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கெங்குக்கு வசனம் மறந்துபோனது. நிமிர்ந்து பார்த்தார். ஹௌவின் கண்ணில் நடிப்பு இல்லை.

"பாதி ஜாடி மீதி இருக்கு, பெருமானே" என்றார் கெங், மெதுவாக. "சாயங்காலம் கொண்டுவந்து தரேன்."

"முப்பது அடி!" என்றார் நீதிபதி.

சேவகர்கள் எண்ணி முப்பது கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் விழுந்தது சுமாராகத்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.